மேகசின் கழற்றினால் சுடாத பிஸ்டல்

போன மாதம் ஒரு இளைஞர் எனக்கு போன் செய்தார். ராஜபாளையம் ஆயுதப்படை முகாமில் நான் பார்த்த ஆர்மரர் வேலையை இப்போது பார்ப்பவர். ஆர்மரர் என்றால் துப்பாக்கிகளைப் பராமரித்து, பழுது பார்த்து, கொடுத்து வாங்குகிறவன்.

"ஐயா, பழைய ரிவால்வர் அம்புட்டையும் ஒழிச்சுக்கட்டச் சொல்லி உத்தரவு வந்துருச்சு. பிளாஸ்டிக் உடம்போட புது பிஸ்டல் வருது. ஒங்க காலத்துல எந்த ஆயுதம் நல்ல ஆயுதம்னு ஒரு கட்டுரை எழுதித் தாங்க, நம்ம ஆயுதப்படை ஆண்டு மலர்ல போடுதோம்" என்றார்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டிருக்கிறார். முடி வெட்டுகிறவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். சினிமா பார்த்துக் கெட்டுப்போன கேள்வி அது. ஆயுதத்தில் நல்லது கெட்டது கிடையாது, பழகினது பழகாதது என்றுதான் உண்டு என்று சொன்னால் யாருக்கும் திருப்தி வராது. அந்த இளைஞருக்கும் வரவில்லை. சரி, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எழுத எழுத, அவர் கேட்டது ஒன்றாகவும் நான் எழுதுவது வேறாகவும் போய்விட்டது. மலரில் போடுவதும் போடாததும் அவர் பாடு.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆர்மரர் ஆனேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்கச் சொன்னார்கள், பிரித்தேன். மாட்டச் சொன்னார்கள், மாட்டினேன். விரல் நசுங்கியது, ஆறியது. பிறகு ராஜபாளையத்தில் ஒரு அறையைக் காட்டி இதுதான் உன் இடம் என்றார்கள். கனமான கதவு, கம்பி போட்ட ஒரு சிறிய ஜன்னல், எண்ணெய் வாடை. அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் வாங்க வருவார்கள், அல்லது ஒப்படைக்க வருவார்கள். சும்மா பேச யாரும் வருவதில்லை. வந்தாலும் உள்ளே விட எனக்கு அனுமதி இல்லை. மைதானத்தில் மற்றவர்கள் பந்து விளையாடும் சத்தம் கேட்கும். நான் உள்ளே துணியும் எண்ணெயுமாக இருப்பேன். ஒரு கட்டத்தில் துப்பாக்கிகளோடு பேச ஆரம்பித்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்களிடம் இருந்த கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் பாயிண்ட் முப்பத்தெட்டு அளவு ரிவால்வர்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. மேலே இருக்கும் கொண்டியைத் தள்ளினால் நடுவில் மடிந்து வாயைப் பிளக்கும். பிளக்கும்போதே ஆறு அறைகளில் இருக்கும் குண்டுகளும் தானாக எழும்பி நிற்கும். உள்ளதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும், ஒளிவு மறைவு கிடையாது. ட்ரிகர் கல் மாதிரி இருக்கும், வேண்டுமென்று அழுத்தினால் தவிர அசையாது. குறி என்று பார்த்தால் பத்தடிக்கு அப்பால் எனக்கே நம்பிக்கை கிடையாது. ஆனால் எத்தனை வருடம் உறைக்குள் கிடந்தாலும் எடுத்தால் சுடும்.

எண்பதுகளின் கடைசியில் ஒன்பது எம்.எம். பிஸ்டல்கள் வந்தன. தட்டையாக, இடுப்பில் உறுத்தாமல், பார்க்க அழகாக இருக்கும். அதிகாரிகள் பலர் அதைக் கேட்டு வாங்கியது அந்த அழகுக்காகத்தான். பிஸ்டல் எனக்கும் பிடிக்கும். கைப்பிடிக்குள் போகும் மேகசின் என்கிற குண்டுக்கூட்டில் பதின்மூன்று குண்டு. மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால் ஒரு குண்டு மேகசினிலிருந்து சேம்பர் என்கிற சுடும் அறைக்குள் ஏறிக்கொள்ளும், ஹேமர் என்கிற சுத்தியல் பின்னால் சாய்ந்து தயாராக நிற்கும். ரிவால்வர் மாதிரி இது வாயைத் திறந்து காட்டாது. உள்ளே என்ன இருக்கிறது என்று நாம்தான் இழுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு இன்னொரு குணமும் உண்டு. மேகசினைக் கழற்றிவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது. சேம்பரில் குண்டு இருந்தாலும் சுடாது. விபத்து நடக்கக்கூடாது என்று யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் பிஸ்டலைத் திருப்பி ஒப்படைக்கும்போது ஹேமரைக் கீழே இறக்கித்தான் ஒப்படைக்க வேண்டும். இறக்குவதற்கு ட்ரிகரை அழுத்த வேண்டும், அது வேலை செய்ய மேகசின் உள்ளே இருக்க வேண்டும். ஆகவே முறை இப்படி: மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழுத்து சேம்பரைப் பார், குண்டுகளை எடுத்துவிட்ட காலி மேகசினைத் திரும்ப மாட்டு, ட்ரிகரை அழுத்து. இரண்டாவதை மறந்தவனுக்கு மற்றது எல்லாம் சரியாக நடக்கும், கடைசியில் வெடிக்கும்.

எங்கள் இன்ஸ்பெக்டர் ஜெபமணி ஐயாவுக்கு இந்த இரண்டாவதுதான் வேதம். ஒல்லியான மனிதர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுச் சர்ச்சுக்குப் போவார், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்த பிஸ்டலை யார் கொடுத்தாலும் முதலில், தவறி வெடித்தால் குண்டைத் தாங்க வைத்திருக்கும் மணல் பெட்டியைப் பார்த்து முனையைத் திருப்புவார். மேகசினைக் கழற்றுவார். ஸ்லைடை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்ப்பார். பார்த்தது போதாது என்று சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுவார். அவர் கண் முன்னால் நானே அப்போதுதான் அதையெல்லாம் செய்து கொடுத்திருப்பேன். அதனாலென்ன, மறுபடியும் செய்வார். ஒருமுறை ஒரு பெரிய அதிகாரி "காலிதாய்யா, வாங்கி வையி" என்று நீட்டினார். ஐயா வாங்கி, விரலை விட்டுத் தடவினார். அதிகாரியின் முகம் கறுத்துப்போனது.

"சார் சொன்னா சரிதான் சார். எனக்கு நம்பிக்கை இருக்கு. என் விரலுக்குத்தான் பத்தாது" என்றார் ஐயா.

ரிவால்வர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குண்டுகளைக் கொட்டிவிட்டு மூடி, கடைசியில் ட்ரிகரை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார்கள். 'டிக்' என்று ஒரு வெறும் சத்தம் வந்தால்தான் மனசு ஆறும். தீப்பெட்டியைக் காதில் வைத்து ஆட்டிப் பார்ப்பது மாதிரி. பிஸ்டல் கைக்கு வந்த பிறகும் அந்த விரல் சும்மா இருக்காது. ஐயா அதைப் பார்த்துவிட்டால் என்னிடம் வந்து முனகுவார்: "ட்ரிகர்கிட்டப் போயி கேக்காதலே. அது பொய் சொல்லும். கண்ணால பாரு, விரலால தடவு."

இனி வேலுச்சாமி மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்கா செல்லத்தாயின் புருஷன். எங்கள் முகாமிலேயே ஏட்டு. என்னை இந்த உத்தியோகத்துக்கு மனுப் போட வைத்ததே அவர்தான். எனக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் நின்றே விட்டது. ஆகவே வன்னியம்பட்டியில் இருந்த அக்கா வீடுதான் எனக்கும் வீடு. லீவு கிடைத்தால் அங்கே போய்விடுவேன். அக்கா மகள் ராணி என் மடியில்தான் காது குத்திக்கொண்டாள். அந்தக் கனமான கதவுக்கு வெளியே எனக்கு இருந்த உலகம் அம்புட்டுதான்.

மச்சான் நல்ல போலீஸ்காரர். இருபது வருடத்துக்கு மேல் ரிவால்வர் பிடித்தவர். பிரமுகர்களோடு பாதுகாப்புக்குப் போகும் வேலை கிடைத்தபோது அவருக்கு பிஸ்டல் கொடுத்தார்கள். அரை நாள் சொல்லிக் கொடுத்தார்கள், அதோடு சரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஆடிப்பூரத் தேரோட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தோபஸ்து. படைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க இடம். நானும் பெட்டிகளோடு அங்கே போயிருந்தேன். தேர் திரும்பும் இடத்தில் கூட்டம் முண்டியடித்து, மச்சான் காவலுக்குப் போன பிரமுகர் மேல் சாய்ந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் மச்சான் பிஸ்டலை உருவி ஸ்லைடை இழுத்திருக்கிறார். கூட்டம் கலைந்ததும் உறையில் போட்டுவிட்டார். இழுத்ததை மறந்தும் விட்டார்.

மத்தியானம் வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கி ஆயுதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம். நான் அடுத்த அறையில் துப்பாக்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மச்சான் மேகசினைக் கழற்றினார். வழக்கப்படி விரல் ட்ரிகருக்குப் போனது. அழுத்தினார், ஒன்றும் ஆகவில்லை. காலி என்று மனசு ஆறிவிட்டது. மேகசினிலிருந்த குண்டுகளை மேசையில் கொட்டி, எண்ணுவதற்காக அந்தோணி என்கிற இளம் காவலர் பக்கம் தள்ளினார். காலி மேகசினை மாட்டி, ஹேமரை இறக்க மறுபடி ட்ரிகரில் விரலை வைத்தார்.

"ஏட்டையா, ஒண்ணு கொறையுதே" என்று அந்தோணி சொன்னது எனக்குக் கேட்டது. சொல்லி முடிக்கும்போதே வெடிச் சத்தமும் கேட்டது.

நான் ஓடிப்போனபோது அந்தோணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். மச்சான் பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். "தானா வெடிச்சுருச்சு மாப்ள, தானா வெடிச்சுருச்சு" என்று என்னிடம் சொன்னார். அதையேதான் மேலதிகாரிகளிடமும் சொன்னார். அந்தோணியை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது, காலை மடக்க முடியாமல் போய்விட்டது.

மச்சானை சஸ்பெண்ட் செய்து விசாரணை போட்டார்கள். எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. பிஸ்டலில் கோளாறு உண்டா, இல்லையா? உண்டு என்றால் மச்சானுக்கு வேலை இருக்கும், பென்ஷன் இருக்கும். இல்லை என்றால் இரண்டும் போகும். சொல்ல வேண்டியவன் ஆர்மரர், அதாவது நான். உறவுக்காரன் என்பதால் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வேறு ஆர்மரர் இல்லை, நீதான் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வந்தது. ஜெபமணி ஐயா பிஸ்டலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "மூணு நாள் எடுத்துக்கோ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதுவரை எந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் குறை இருக்கக்கூடாது என்றுதான் பார்ப்பேன். முதல் தடவையாகக் குறை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பார்த்தேன். ட்ரிகர் எவ்வளவு எடைக்கு விடுகிறது என்று எடைக்கல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஹேமரைச் சாய்த்து வைத்து ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினேன், நழுவவில்லை. பலகையில் போட்டுப் பார்த்தேன். ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பல்லைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன், விளிம்பில் ஒரு தேய்மானம் இல்லை. மேகசினைக் கழற்றினால் ட்ரிகர் செத்துக் கிடந்தது, மாட்டினால் உயிர் வந்தது. செய்தவன் என்ன நினைத்துச் செய்தானோ அதை அது அப்படியே செய்தது. "ஒரு கீறல் காட்டேன், ஒன்னையக் கும்பிடுதேன்" என்று அதனிடம் வாய்விட்டுச் சொன்னேன். இழுப்பறையில் அரம் இருந்தது. அந்தப் பல்லின் மேல் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், உலகத்தில் எவனும் கண்டுபிடிக்க முடியாது. அரத்தைக் கையில் எடுத்தும் பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா முகாம் வாசலுக்கு வந்தாள். தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்திருந்தாள். வேப்பமரத்தடியில் நின்றோம்.

"சாப்பிட்டியாலே?"

"இனிமேதான்க்கா."

"ஏலே, துப்பாக்கி சரியில்லன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போவும்?"

"துப்பாக்கி சரியாத்தான்க்கா இருக்கு."

"அவிய தானா வெடிச்சுச்சுன்னு சொல்லுதாக. அப்ப அவிய பொய் சொல்லுதாகன்னு சொல்லுதியா?"

"பொய்யின்னு சொல்லல. அவியளுக்கு ஞாபகம் இல்ல. நான் கெட்டுப்போச்சுன்னு எழுதினா, அந்த ஒரு பிஸ்டல ஒதுக்கி வச்சிட்டு கதைய முடிச்சிருவாங்கக்கா. இதே மாரி இன்னும் நெறைய பிஸ்டல் இருக்கு. அதே ரிவால்வர் பிடிச்ச கைதான் எல்லாத்தையும் பிடிக்குது. அந்தோணி பொழச்சுட்டான், நாளைக்கு இன்னொருத்தன் சாவான்."

"எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ராணிக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம். ஒனக்கு அவிய சோறு போட்ருக்காக."

தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நான் ஜன்னலுக்குள் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரணை. ஆயுதத்தில் கோளாறு இல்லை என்று சொன்னேன். கோளாறு பழக்கத்தில் இருக்கிறது, ரிவால்வர்க்காரர்களுக்கு அரை நாள் பயிற்சி பத்தாது என்று தொடர்ந்தேன். விசாரணை அதிகாரி கையை உயர்த்தினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். மச்சான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. சில மாதங்களில் அவரை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது.

ஜெபமணி ஐயா அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தார். பிஸ்டலை ஒப்படைக்க வருகிற ஒவ்வொருவரையும் என் ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி, ஸ்லைடை இழுத்துச் சுண்டுவிரலை விட்டுக் காட்டினால்தான் திரும்ப வாங்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அதிகாரிகளுக்கும் அதே சட்டம். நான் இருந்தவரை அந்த விபத்து மறுபடி நடக்கவில்லை. அதில் எனக்குத் திருப்தி உண்டு. ஆனால் திருப்தியோடு போய் உட்கார்ந்து பேச வீடு இல்லை.

முகாமிலும் என்னோடு பேச்சு குறைந்தது. சொந்த மச்சானையே காட்டிக் கொடுத்தவன் என்று பெயர் ஆகிவிட்டது. எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்கள். ராணி கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. தாய்மாமன் நான் உயிரோடு இருக்க, ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மாமனாக நின்று மாலை போட்டான். அன்றைக்கு நான் டூட்டியில் இருந்தேன். கேட்டுத்தான் வாங்கிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ராஜபாளையம் ஸ்டேஷனில் அவற்றைப் பார்த்து வாங்க என்னை அனுப்பினார்கள். வரிசையில் ஒரு மில் வாட்ச்மேன் மில்லின் ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு நின்றார். தலை நரைத்து, காக்கிச் சட்டை தொளதொளத்து. என் மேசைக்கு வந்த பிறகுதான் மச்சான் என்று தெரிந்தது.

"சார்" என்று துப்பாக்கியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். குழலைத் திறந்து விரலை விட்டுப் பார்த்து, ரசீது எழுதிக் கொடுத்தேன்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது எதிர் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாப்ள, நீ சொன்னதுதான் சரி. ஸ்லைட இழுத்து நான் பாக்கல. அந்தோணி கீழ விழுந்த அந்த நிமிசமே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா மச்சான் எங்கூட இம்புட்டு வருசம் பேசாம இருந்தீக?"

"கோவத்துலயா பேசாம இருந்தேன்? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒங்கிட்டப் பேச?"

"அக்காகிட்ட சொல்லிட்டீகளா?"

டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "இல்ல மாப்ள. அவளுக்கு இன்னமும் துப்பாக்கிதான் கெட்டுப்போச்சு. ஒரு பயலோட கால மொடக்குனது நான்னு தெரிஞ்சா என்னையப் பாக்குற பார்வை மாறிரும். வேலை போச்சு, மானம் போச்சு, அவ பார்வை ஒண்ணுதான் மிச்சம். நீ வேணும்னா சொல்லிக்கோ. நான் தடுக்கல."

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் வீட்டுக்குள் தலை நிமிர்ந்து உட்காருவதற்காக நான் வீதியில் நிற்கிறேனே என்று இருந்தது. மறு வாரமே வன்னியம்பட்டிக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அக்கா தெருக்குழாயில் குடத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது வாசலில் மச்சான் வந்து, "குடத்த நான் தூக்குதேன், நீ வையி" என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அம்புட்டுப் பிரியம் இருந்தது. நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

நான் ஓய்வு பெற்ற சில வருடங்களில் மச்சான் இறந்துபோனார். இப்போது அக்காவும் இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

மச்சானின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பந்தலில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு அக்கா வெளியே வந்து என் எதிரில் நின்றாள். தலை முழுக்க வெள்ளை. அத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"ஏலே, இப்பமாச்சும் சொல்லு. அவிய போய்ச் சேந்துட்டாக. ஒன் உத்தியோகமும் முடிஞ்சு போச்சு. இனி ஒன்னைய யாரும் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அந்தத் துப்பாக்கி கெட்டுத்தான போயிருந்துச்சு?"

அந்தப் பல்லின் விளிம்பு என் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு கீறல் இல்லாத விளிம்பு.

"ஆமாக்கா. கெட்டுத்தான் போயிருந்துச்சு" என்றேன்.

வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அப்பமே தெரியும். அவிய கை தப்புப் பண்ணாது" என்றாள். பிறகு, "நீ போலே. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றாள்.

சரிக்கா என்று சொல்லிவிட்டு என் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.